இரட்டைக் குட்டி மரபணு: நம் மந்தைக்கு எந்தக் கிடா?

மணலிப் புதுநகர், விச்சூர், வெள்ளிவாயல்சாவடி, மீஞ்சூர் என்று வடசென்னையின் ஓரத்தில் இன்னும் செம்மறி வைத்திருப்பவர்கள் மத்தியில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. மேய்ச்சல் நிலமெல்லாம் கன்டெய்னர் கிடங்குகளாகிவிட்டது. இருபது பெட்டைக்கு மேல் வைத்துக்கொள்ள வழியில்லை. அப்படியானால் அந்த இருபதும் ஈற்றுக்கு இரண்டு குட்டி போட்டால் என்ன? 'இரட்டைக் குட்டி ஜீன்' உள்ள கிடா வடக்கே கிடைக்கிறதாம், ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'இரட்டைக் குட்டி ஜீன்' என்று ஒன்றே ஒன்று கிடையாது. நன்றாக ஆராயப்பட்டவை மட்டுமே மூன்று மரபணுக்கள். ஒவ்வொன்றிலும் பல வகைத் திரிபுகள், அதாவது மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்கள். கிடாவின் உடம்பில் இருப்பது அவற்றில் எது என்பதைப் பொறுத்து, நான்காவது வருடம் உங்கள் கொட்டகை குட்டிகளால் நிறைந்திருக்கலாம். அல்லது சினையே பிடிக்காத பெட்டைகள் வரிசையாக நின்று தீவனம் தின்றுகொண்டிருக்கலாம். ஆகவே, எத்தனை குட்டி கூடும் என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன். தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் அதே திரிபைப் பெற்ற பெட்டைக் குட்டி என்ன ஆகும் என்பதே என் முதல் கேள்வி.

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் அறுபட்ட பெட்டையின் சினைப்பையைக் கையில் வாங்கிப் பாருங்கள். மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். அதன் மேல் இளஞ்சிவப்பாகப் புடைத்திருக்கும் முடிச்சை எண்ணினால், கடைசிப் பருவத்தில் எத்தனை கருமுட்டை வெளிவந்தது என்று தெரிந்துவிடும். நம் பக்கத்து ஆடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான். கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே சிறிதும் பெரிதுமாக நீர் கோத்த நுண்பைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. இத்தனை இருந்தும் ஒன்றுக்கு மட்டும் ஏன் வழி கிடைக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முட்டை தன்னைச் சுற்றியுள்ள கிரானுலோசா செல்களைத் தானே ஆட்டிவைக்கிறது. பிஎம்பி15, ஜிடிஎஃப்9 என்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகளை அது சுரக்கிறது. அவை அந்தச் செல்களைப் பெருகவைக்கின்றன. அதே சமயம், நுண்பைகளை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹார்மோன் வந்தவுடன் அவசரப்பட்டு முதிர்ந்துவிடாமல் நிறுத்தியும் வைக்கின்றன. இந்தக் கட்டுப்பாடு ஒழுங்காக இருக்கும் ஆட்டில் நுண்பை ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்த பிறகே முட்டை வெளிவரும். அதற்குள் அந்த ஒரு நுண்பை சுரக்கும் ஹார்மோன்கள் எஃப்எஸ்எச் அளவைக் குறைத்து, பின்னால் வரும் மற்றவற்றைப் பட்டினி போட்டுவிடும்.

காரணியின் அளவு ஓரளவு குறைந்தால் செல்கள் முன்கூட்டியே முதிர்கின்றன. நுண்பை சிறியதாக இருக்கும்போதே தயாராகிவிடுகிறது; சிறியது என்பதால் அது சுரக்கும் ஹார்மோனும் குறைவு; மற்றவை பட்டினி கிடப்பதில்லை. இரண்டு மூன்று ஒன்றாகவே முதிர்ந்து முட்டைகளை விடுகின்றன. காரணி அடியோடு இல்லாமல் போனால் கதை தலைகீழ். செல்கள் பெருகுவதே இல்லை. நுண்பை முதல் படியிலேயே நின்றுபோகிறது, ஆடு மலடாகிறது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் இந்தக் காரணிகளுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, மரபணுவில் எந்தக் குறையும் இல்லாத பெட்டைகளிலும் நுண்பை வளர்ச்சி நின்றது. கொஞ்சம் குறைந்தால் இரட்டை, முழுதாகப் போனால் மலடு. இந்த இரண்டு முனைகளும் ஒரே கயிற்றில் இருப்பதால்தான் கிடா வாங்குவது இவ்வளவு யோசிக்க வேண்டிய காரியமாகிறது.

இந்தக் காரணிகளை உருவாக்கும் மரபணுக்களுக்கும் அதே பெயர்தான். இனி ஒவ்வொன்றாக.

பிஎம்பி15 மரபணுவின் கதை நியூசிலாந்தில் ஒரு ரோம்னி ஆட்டில் தொடங்குகிறது. ஏ281 என்று எண்ணிட்ட அந்தப் பெட்டை 11 ஈற்றில் 33 குட்டி போட்டது. அதன் வம்சத்தை 'இன்வர்டேல்' என்று பெயரிட்டுப் பின்தொடர்ந்த ஜார்ஜ் டேவிஸ் குழுவினர், இந்தக் குணம் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது என்று 1991இல் கண்டார்கள். அது பிஎம்பி15இல் ஏற்பட்ட திரிபு என்பது 2000இல் தெரிந்தது. 'ஹன்னா' என்ற இன்னொரு மந்தையிலும் இதே மரபணுதான், வேறு இடத்தில் பழுது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் திரிபைப் பெற்ற, அதாவது ஒரு பிரதி உள்ள பெட்டைக்கு ஏறத்தாழ ஒரு முட்டை கூடுதல். குட்டிக் கணக்கில் அரைக்குச் சற்று மேல். இருவரிடமிருந்தும் பெற்ற, இரண்டு பிரதி உள்ள பெட்டை முழு மலடு. சினைப்பை வளர்ச்சி இல்லாமல் பட்டையாகக் கிடக்கும். இன்வர்டேல் ஒரு பிரதி, ஹன்னா ஒரு பிரதி என்று கலந்து வந்தாலும் மலடுதான்.

எக்ஸ் வழி என்பதால் இதில் ஒரு வசதி உண்டு. கிடாவுக்கு ஒரே ஒரு எக்ஸ். அது திரிபைச் சுமந்தாலும் கிடாவின் வீரியத்துக்குக் குறையில்லை. அதன் மகள்கள் அத்தனை பேருக்கும் அந்த எக்ஸ் போகும். மகன்கள் ஒருவருக்கும் போகாது. ஆகவே ஒரு கிடாவைச் சாதாரணப் பெட்டைகளோடு விட்டால் பிறக்கும் எல்லாப் பெட்டைக் குட்டியும் இரட்டை போடத் தகுந்தவை. ரத்தப் பரிசோதனையே வேண்டாம். அந்த மகள்களை வேறொரு சாதாரணக் கிடாவோடு சேர்த்து, பிறக்கும் எல்லாவற்றையும் கறிக்கு விற்றுவிட்டால் கணக்கு சுத்தம். காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு வேறு இல்லை.

ஆனால் இது இரண்டு மந்தை வைத்திருப்பவருக்கான ஏற்பாடு. நம் ஊரில் ஒரே கொட்டகை, ஒரே கிடா. அந்தக் கிடா மூன்று வருடம் நிற்கும். அதன் மகள்களும் அதே பட்டியில் வளர்ந்து அதனோடேயே பருவத்துக்கு வருவார்கள். அப்படி நடந்தால் அடுத்த தலைமுறைப் பெட்டைகளில் பாதி மலடு. மலட்டுப் பெட்டை பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். பருவம் தவறுகிறது என்று சந்தேகம் வந்து உறுதியாவதற்குள் வருடம் ஓடியிருக்கும். பிரான்சின் கிரிவெட், போலந்தின் ஒல்குஸ்கா இனங்களில் பிஎம்பி15 திரிபு இரண்டு பிரதி வந்தாலும் மலடாகாமல் இன்னும் அதிகமாகக் குட்டி போடுகின்றன என்று 2013இல் தெரியவந்தது. ஆச்சரியமான விதிவிலக்கு. ஆனால் போலந்திலிருந்து ஆடு வாங்கி வந்து மணலியில் கட்டப்போகிறவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஜிடிஎஃப்9 பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆபத்து அதேதான், பிஎம்பி15இல் உள்ள வசதி மட்டும் இல்லை. இது எக்ஸில் இல்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சாதாரணக் குரோமோசோமில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ், பெல்கிளேர் இனங்களில் ஒரு பக்கம் மூன்று நான்கு குட்டி போடும் பெட்டைகளும் மறுபக்கம் மலட்டுப் பெட்டைகளும் ஒரே மந்தையில் தோன்றிக்கொண்டிருந்த குழப்பத்துக்கு, பிஎம்பி15 திரிபுகளோடு இதுவும் காரணம் என்று 2004இல் வெளியானது. ஐஸ்லாந்தின் 'தோக்கா' திரிபும் இப்படித்தான். ஒரு பிரதி சுமக்கும் கிடாவும் ஒரு பிரதி சுமக்கும் பெட்டையும் சேர்ந்தால் பெட்டைக் குட்டிகளில் நான்கில் ஒன்று மலடு. மோசமான பகுதி என்னவென்றால், இரண்டு பிரதி உள்ள கிடாவுக்கு ஒன்றும் ஆகாது. கம்பீரமாகச் சுற்றி வரும். பிரேசிலின் சாந்தா இனெஸ் இனத்திலும் நார்வேயின் வெள்ளைச் செம்மறியிலும் கண்ட ஜிடிஎஃப்9 திரிபுகள் மட்டும் இரண்டு பிரதியிலும் மலடாக்குவதில்லை. 'ஜிடிஎஃப்9 ஆடு' என்று மட்டும் சொல்லி விற்பவரிடம், எந்தத் திரிபு என்று கேட்காமல் பணத்தை நீட்டக்கூடாது என்பதற்கு இது போதும்.

மூன்றாவதுதான் நமக்கு உண்மையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. இதன் பெயர் ஃபெக்பி. கண்டிப்பாகச் சொன்னால் இது முட்டை சுரக்கும் காரணி அல்ல. அந்தக் குடும்பத்துக் காரணிகளின் சொல்லைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பி. பிஎம்பிஆர்1பி என்ற அந்த ஏற்பிப் புரதத்தின் 249ஆவது இடத்தில் குளுட்டமின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வந்துவிட்டது, அவ்வளவுதான். 2001இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டன. இதில் நுண்பை மூன்று நான்கு மில்லிமீட்டரிலேயே முதிர்ந்துவிடுகிறது. ஒரு பிரதிக்கு ஏறத்தாழ ஒன்றரை முட்டை கூடுதல், இரண்டு பிரதிக்கு மூன்று. குட்டிக் கணக்கில் ஒரு பிரதி ஏறத்தாழ ஒரு குட்டியைக் கூட்டும். இரண்டாவது பிரதி அதற்குமேல் அரைக் குட்டிதான் கூட்டும். முக்கியமாக, இரண்டு பிரதி வந்தாலும் மலடு இல்லை.

இதன் பூர்வீகம் நம் நாடு என்பது கூடுதல் சுவை. சுந்தரவனத்துச் சேற்றில் மேயும் கரோல் என்ற சின்னஞ்சிறு வங்கச் செம்மறிகள் 1790களில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. அவற்றின் ரத்தம் மெரினோ என்ற கம்பளி ஆட்டில் கலந்து, நியூ சவுத் வேல்ஸில் 'புரூலா' என்ற பண்ணையில் பெயர் வாங்கியது. அங்கே ஆராய்ச்சி நடந்து முடிந்த பிறகுதான், 2002இல் கரோலிலும் அதே திரிபு இருப்பது உறுதியானது. சாமான் நம் வீட்டினுடையது; முத்திரை குத்தியது அவர்கள்.

கரோலை நேராகக் கொண்டு வந்து இங்கே கட்டுவதில் பயனில்லை. வளர்ந்த பெட்டையே பன்னிரண்டு கிலோ அளவில்தான் நிற்கும். கறிக்கடைக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். அதனால் மரபணுவை மட்டும் எடுத்துப் பெரிய உடம்பில் சேர்த்தார்கள். மகாராஷ்டிரத்தின் பல்டனில் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தக்காணி ஆட்டில் சேர்த்து 'நாரி சுவர்ணா' வகையை உருவாக்கியது. ராஜஸ்தானின் அவிகாநகரில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் கரோல், மால்புரா, பட்டன்வாடி மூன்றையும் கலந்து 'அவிஷான்' வகையை உருவாக்கியது. அதில் கரோல் ரத்தம் எட்டில் ஒரு பங்குதான். நமக்கு இவற்றில் தக்காணி வழி வந்தது பொருந்தும் என்பது என் கருத்து. வறட்சிக்கும் மேய்ச்சலுக்கும் பழகிய உடம்பு. ஒரு பிரதி உள்ள பெட்டைகள் அங்கே இரட்டையோடு நின்றுகொள்கின்றன, மூன்று அரிது.

விச்சூர்ப் பக்கம் ஆடு வைத்திருக்கும் என் மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கிடா வந்த முதல் ஈற்றிலேயே இரட்டை விழுமா மாப்பிள்ளை?"

"விழாது மாமா. எத்தனை முட்டை வரும் என்பதைப் பெட்டையின் உடம்புதான் தீர்மானிக்கும். கிடாவின் குணம் அதன் மகள் குட்டி போடும்போதுதான் தெரியும்."

"அப்படியானால் இரண்டு வருடம் ஆகுமே! அதுவரை சும்மா தீனி போட வேண்டுமா?"

ஆகத்தான் செய்யும். ஐந்து மாதச் சினை, பிறகு அந்தப் பெட்டைக் குட்டி வளர்ந்து பருவத்துக்கு வந்து மீண்டும் ஐந்து மாதச் சினை. முதல் ஈற்றில் இரட்டை விழவில்லை என்று ஏமாற்றமாகி, அந்தக் கிடாவை ஆடி மாதத்தில் அறுத்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பலன் வருகிற நேரத்தில் கிடா குழம்பாகியிருக்கும்.

இரண்டு பிரதி உள்ள கிடாவைச் சாதாரணப் பெட்டைகளோடு விட்டால் மகள்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி. அதோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். அந்த மகள்களோடும் அதே கிடா சேர்ந்தால், பிறப்பவற்றில் பாதி இரண்டு பிரதி பெறும். மலடு இல்லைதான், ஆனால் இருபத்தைந்து கிலோ பெட்டை மூன்று குட்டி சுமந்து என்ன செய்யும்? காம்பு இரண்டுதான். மூன்றில் ஒன்று இளைத்துச் சாகும், சில நேரம் தாயும் கடைசி மாதத்தில் சினை நஞ்சு கண்டு படுத்துவிடும். நெருங்கிய ரத்தக் கலப்பின் கேடு வேறு. மகள்கள் பருவத்துக்கு வரும்முன் கிடாவை மாற்றுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. பிஎம்பி15இல் இந்த ஒழுங்கு தவறினால் மந்தையில் மலடு விழும். ஃபெக்பியில் தவறினால் குட்டிச் சாவு கூடும். இரண்டும் நஷ்டமே, ஆனால் பின்னதிலிருந்து மீள முடியும்.

எந்தப் புதிய மரபணுவும் இல்லாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக்கே உரிய சென்னைச் சிவப்பு ஆடு பெரும்பாலும் ஒற்றைதான் போடும். இரட்டையில் பிறந்த பெட்டைகளை மட்டும் நிறுத்திக்கொண்டே போனால் கூடும் என்பார்கள். கூடும், மிக மெதுவாக. குட்டி எண்ணிக்கை தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் அளவு மிகக் குறைவு. பெரும்பகுதியைத் தீனியும் பருவமும்தான் முடிவு செய்கின்றன. அப்படியானால் தீனியையே பிடித்துக்கொள்ளலாமே. கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து தினமும் இருநூறு முந்நூறு கிராம் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து கொடுத்தால், இளைத்த பெட்டைகளிடம் அதன் பலன் அடுத்த ஈற்றிலேயே தெரியும். இரண்டு வருடம் காத்திருக்க வேண்டாம். யாருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டாம்.

இன்னொரு வழியும் நம் பக்கத்தில் ஏற்கெனவே நடக்கிறது. நெல்லூர்க் கிடாவைச் சேர்த்து, குட்டி ஒன்றாக இருந்தாலும் உயரமாக, கனமாக எடுப்பது. பக்ரீத்துக்கு விற்கிறவர்களுக்கு இதுதான் லாபம் என்று நினைக்கிறேன். பக்ரீத் சந்தையில் கிலோக் கணக்கைவிடத் தோற்றத்துக்கு விலை. உயரமும் கொம்பும் உள்ள ஒரு கிடா, இரட்டையாகப் பிறந்து இளைத்த இரண்டு கிடாவைவிட அதிகம் கொண்டு வரலாம். கறிக்கடைகளுக்கு ஆண்டு முழுவதும் எடைக்குக் கொடுப்பவர்களுக்கே எண்ணிக்கை முக்கியம். ஃபெக்பி அவர்களுக்கான சரக்கு.

ஆகவே பத்துப் பெட்டைக்குள் வைத்திருந்து, வெளிவட்டச் சாலை ஓரத்திலும் காலி மனைகளிலும் மேய்த்து, மாலையில் வந்து கட்டுகிறவர் எந்த மரபணுவையும் தேட வேண்டாம். இரட்டைக் குட்டிக்குப் பால் வேண்டும், பாலுக்குத் தீனி வேண்டும். அது இல்லாத இடத்தில் இரண்டாவது குட்டி வெறும் சாவுக் கணக்கு. கொஞ்சம் நிலத்தில் வேலிமசாலோ அகத்தியோ போட்டு, இருபது முப்பது பெட்டையை எடைக்கு விற்கும் கணக்கில் வளர்ப்பவர் ஃபெக்பி இரண்டு பிரதிக் கிடா ஒன்றை வாங்கலாம். பிஎம்பி15 இன்வர்டேல் வகையும் ஜிடிஎஃப்9 மலட்டு வகைகளும் இலவசமாகக் கிடைத்தாலும் நம் ஒற்றைக் கொட்டகை ஏற்பாட்டுக்கு ஆகாது.

வாங்குபவர் சந்தையில் காது மூக்கைப் பார்த்து வாங்க முடியாது. செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் எவ்வளவு தேர்ந்த வியாபாரியாக இருந்தாலும் மரபணு கண்ணுக்குத் தெரியாது. 'இதன் தாய் இரட்டை போட்டது' என்பதும் ஆதாரமாகாது. நன்றாகத் தின்ற ஆடும் இரட்டை போடும். ஒரு துளி ரத்தத்தை வைத்துப் பிசிஆர் முறையில் ஃபெக்பி இருக்கிறதா, ஒரு பிரதியா இரண்டா என்று சொல்லிவிடலாம். அந்தத் தாளைக் கையில் வாங்காமல் கிடாவுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மாதவரம் பால்பண்ணைக் குடியிருப்பில்தான் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே இருக்கிறது. பஸ் ஏறிப் போய் எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்டுவிட்டு வருவதற்குச் சோம்பல்படுவதில் அர்த்தமில்லை. வெவ்வேறு மரபணுத் திரிபுள்ள இரண்டு கிடாக்களை ஒரே மந்தையில் அடுத்தடுத்து விடவும் வேண்டாம். அவை சேரும்போது முட்டை எண்ணிக்கை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும்.

கிடா வந்த பிறகு காதில் எண் வில்லை போட்டு, யாருக்கு யார் பிறந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கிடாவை ஆவணி தொடங்கும்போது சேர்த்தால் தை மாதத்தில் குட்டி விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலை ஆற்றங்கரையெல்லாம் நீர் தேங்கி நிற்கும்போது நனைந்த தரையில் இரட்டைக் குட்டி பிறந்தால் பிழைப்பது அரிது. ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகளைக் கிடா சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். மாமா வீட்டில் அந்த ஆள் அத்தைதான். எனவே கிடா வாங்குவதா வேண்டாமா என்று அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.